வளைவில் நேரே போன வண்டி

அன்பும் கோபமும் சரிபாதியாகக் கலந்த என் சூசை மச்சானுக்கு,

உங்கள் பெண்சாதி செபமாலையின் தம்பி அருளப்பன் எழுதுகிறேன். நீங்கள் இருக்கும் இடத்துக்குத் தபால்காரன் வருவானோ என்னவோ. இங்கே இதைப் படிக்கப்போகிறவர்கள் வேறு பலர். படிக்கட்டும். உங்களைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் சத்தமாகத்தான் பேசினார்கள். நான் மட்டும் ஏன் காதோடு காதாகச் சொல்ல வேண்டும்?

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் பிலோமினா இப்போது உங்களை விட ஒரு பிடி உயரம். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். மூக்கு மட்டும் உங்களுடையது, பாவம். அக்கா இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். முழங்கால் வலி என்கிறாள், ஆனால் மேட்டு மலையில் அவளுக்கு முன்னால் யாரும் ஏறிவிடக் கூடாது. அடுத்த வீட்டு நாயோடு அவளுக்கு இன்னும் பகை. நீங்கள் போன அதே வாரத்தில் அவளுடைய நீலச் செருப்பில் ஒன்றை அது தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். நாய் செத்தும் போயாச்சு, அக்கா மன்னித்தபாடில்லை.

லயத்து வீட்டு வரிசையில் பாதி வீடு காலி, மச்சான். இந்தியாவுக்குப் போனவர்கள் போக, மிச்சமிருப்பவர்களும் எந்த ஊர்க்காரர்கள் என்று தெரியாமல்தான் இருக்கிறோம். அங்கே போன உங்கள் அண்ணன் தம்பிமாரிடமிருந்து டிசம்பரில் நத்தாருக்கு ஒரு கடுதாசி வருகிறது. அவர்களும் நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எப்படிப் போனீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அல்லது, போன மாதம் வரை தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மச்சான் இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி உதவியாளராக இருந்தார். தோட்டத்து வெள்ளைக்கார துரையிடம் ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் இடப்பக்கத்தில் ஒரு தொட்டி பூட்டியிருக்கும், அதற்குத் தனியாக ஒரு சக்கரம். துரை அதை சைட்கார் என்பார், நாங்கள் தொட்டி என்போம். நோயாளிகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் அதில் ஏற்றிக்கொண்டுபோக துரைதான் மச்சானுக்கு ஓட்டப் பழக்கினார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ள, துரை கப்பலேறியபோது வண்டியை மச்சானுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பிறகு தோட்டத்துக்கு லொறி வந்தது. நோயாளிகள் லொறியில் போனார்கள், தொட்டியில் எங்கள் அக்கா உட்கார்ந்தாள்.

அந்தக் கடைசி வாரம் உங்கள் அம்மா இந்தியாவில் இறந்ததாகத் தந்தி வந்தது. இந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை, அந்த நாட்டுக் கடவுச்சீட்டும் இல்லை. எப்படிப் போவீர்கள்? சோறு இறங்காமல், ஒருவரோடும் பேசாமல் இருந்தீர்கள். கோவில் திருநாளுக்கு முந்திய நாள் காலையில் தொட்டியைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, இரண்டு சக்கரத்தில் தனியாகப் போனீர்கள். தொழிற்சாலைக்குக் கீழே பாதை வலது கைப்பக்கம் வளையும் இடத்தில் வண்டி வளையவில்லை. நேரே பள்ளத்துக்குள் போய்விட்டது.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த காளியம்மாதான் பார்த்தவள். அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "வண்டி திரும்பவே இல்ல. நேரா போச்சு. ஆளு ஒரு பக்கமும் சாயல."

அது போதாதா ஊருக்கு? சாமியார் உங்களை முறைப்படிதான் அடக்கம் செய்தார். ஆனால் மண் போட்டு முடிந்ததும் பேச்சு தொடங்கிவிட்டது. அம்மா போன துக்கம், தானாகப் போய்ப் பாய்ந்துவிட்டான் என்று. அக்கா ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியைப் பிலோமினாவிடம் கொடுத்து அனுப்புவாள், தான் மட்டும் வரமாட்டாள். ஏன் என்று நான் ஒருதரம் அதட்டிக் கேட்டேன்.

"தொட்டியக் கழட்டிட்டுப் போனாருடா," என்றாள். "எங்கள ஏத்திக்கிட்டுப் போற வண்டிய எங்களுக்கு எடமில்லாத வண்டியா ஆக்கிட்டுப் போனாரு. வேணாம்னு போனவரு மொகத்துல நான் எதுக்குப் போயி முழிக்கணும்?"

அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. வண்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கி வந்தவர்கள் கொட்டிலில் இடப்பக்கத்தைச் சுவரில் சாய்த்து நிறுத்திவிட்டுப் போனார்கள். அக்கா சாக்கைப் போட்டு மூடினாள். விலைக்குக் கேட்டு வந்தவர்களைத் துரத்தினாள். தானும் அந்தப் பக்கம் போவதில்லை.

இந்த வருஷம் மாசி மாதம் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சண்டை. எவளோ ஒருத்தி பிலோமினாவைப் பார்த்து, "ஒங்கப்பன் மாதிரி நீயும் பள்ளத்துல பாயப் போறியா" என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை லீவு போட்டுவிட்டு பஸ் மாறி மாறி, நான் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை செய்கிற உடப்புசல்லாவைத் தொழிற்சாலைக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடி கேட்டாள்.

"மாமா, எங்கப்பா விழுந்தாரா, பாஞ்சாரா?"

எனக்கு என்ன தெரியும்? தேயிலை அரைக்கிற இயந்திரத்தைக் கேட்டால் சொல்வேன். "வண்டியவே கேட்டுப் பாப்போம்" என்றேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். அது வேறு மாதிரிப் பதில் சொல்லிவிட்டால்?

நான் சாக்கை விலக்கிய அன்று அக்கா கதவில் நின்றாள். "தொடாதடா. இரும்புக்கு என்னா தெரியும்?"

"தெரியலன்னா திரும்ப மூடிர்றேன்."

வீட்டுக்குள் போய்விட்டாள். நான் வண்டியைச் சுவரிலிருந்து இழுத்தேன். இடப்பக்கத்தில் தொட்டி பூட்டுகிற கீழ்த் திருகாணியில் மண் அப்பிய ஒரு பலகைத் துண்டு தொங்கியது. தூக்கி வந்தவர்கள் முட்டுக்கொடுக்கச் செருகியது போலும் என்று நினைத்து காலால் ஓர் உதை விட்டேன். கழலவில்லை. அப்படியே விட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

முதலில் பிரேக். அறுந்திருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டுதான் திறந்தேன். அறுந்திருந்தால் அன்றைக்கே பிலோமினாவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அறவில்லை. கம்பிக்கு நீங்கள் எண்ணெய் போட்ட பிசுபிசுப்புகூட இருந்தது. அடுத்தது சக்கரம். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்துப் பார்த்தேன், ஒரே நேர்க்கோடு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை வளைந்திருந்தது, ஆனால் அது கல்லில் மோதிய வளைவு. சிராய்ப்போடு அப்படியே தெரிந்தது. மச்சான், ஒரு மெக்கானிக் சாமான் கெட்டிருக்கட்டும் என்று வேண்டுவதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு சாமானும் நல்லதாக இருக்க இருக்க அடுத்ததைத் திறக்கவே தயங்கினேன்.

கவட்டையின் இரண்டு கால்களை மட்டும் உருவி நுவரெலியாவில் மெக்கானிக் பண்டா பாஸிடம் கொண்டுபோனேன். சிங்களவர், பழைய வண்டிகளைப் பிரித்தே நரைத்தவர், தம்பி என்பதற்கு மல்லி என்பார். கவட்டையை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, கூடவே நான் கொண்டுபோன சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்.

"மல்லி, இந்த டயரு எந்தக் காலத்திலயும் சாஞ்சதே இல்ல," என்றார். "நடு மட்டும் தேஞ்சு பலக மாதிரி ஆயிருச்சு பாருங்க. மூணு சக்கரத்துல ஓடின டயரு. இதப் போட்டு ரெண்டு சக்கரத்துல ஓட்டினா வளைவுல சாய விடாது."

உண்மைதான். தொட்டி பூட்டிய வண்டி சாயாது. சாயாத வண்டியின் டயர் ஓரம் தேயாது. திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் தட்டையான டயர் மட்டும் ஓர் ஆளைப் பள்ளத்துக்குக் கொண்டுபோகுமா? வண்டி அடம் பிடிக்கும், பிறகு திரும்பும். காளியம்மா சொன்னது திரும்பவே இல்லை என்று.

மறுநாள் கவட்டையைத் திரும்பப் பூட்டி, எஞ்சினுக்கு அடியில் ஒரு தேயிலைப் பெட்டியை வைத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினால் தானாக ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். இரண்டு கையாலும் தள்ளினேன், முக்கிக்கொண்டுதான் நகர்ந்தது. உள்ளே ஹேண்டில் சுழலும் பேரிங் குண்டுகள் துருப்பிடித்துவிட்டன என்று எனக்குச் சந்தோஷம். ஹேண்டில் நடுவில் இருக்கும் கறுப்புக் குமிழைக் குழாய்ச்சாவி போட்டுத்தான் கழற்ற முடிந்தது, அவ்வளவு இறுக்கம். பிரித்துப் பார்த்தால் குண்டுகள் பளபளவென்று கிரீஸில் கிடக்கின்றன.

பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சரி, அவ்வளவுதான், ஊர் சொன்னதுதான் உண்மை என்று நினைத்தேன். உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உங்களுக்கு அம்மா போனால், இந்தப் பிள்ளைக்கு அப்பன் போக வேண்டுமா? கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். கேட்டிருந்தால் மன்னியுங்கள்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். குமிழை மட்டும் இன்னும் முடுக்கவில்லை. சும்மா கை பட்டது. ஹேண்டில் ஒரு விரலுக்குச் சாய்ந்து விழுந்தது.

குமிழை முடுக்கினேன், ஹேண்டில் கட்டைபோல் நின்றது. தளர்த்தினேன், விழுந்தது. அப்போதுதான் உங்கள் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டியில் ஏறியதும் சிலுவை போடுகிறீர்களோ இல்லையோ, அந்தக் குமிழை உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்து ஒரு திருகு திருகுவீர்கள். "மாப்ள, சட்டைக்குப் பொத்தான் மாதிரி, வண்டிக்கு இது. தொர சொல்லிக் குடுத்தது" என்பீர்கள். துரை சொன்னது சரிதான். தொட்டி பூட்டிய வண்டியில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கடகடவென்று ஆடும், அதை அடக்கத்தான் அந்தக் குமிழ். தொட்டியைக் கழற்றினால் அதையும் தளர்த்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. தொட்டியைக் கழற்றுவீர்கள் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

அதோடு நீங்கள் இரண்டு சக்கரத்தில் ஏறியதே கிடையாது. சைக்கிள்கூட ஓட்டியதில்லை. இந்த மலையில் சைக்கிளை எவன் ஓட்டினான்? மேட்டில் அதை நாம் சுமக்க வேண்டும், பள்ளத்தில் அது நம்மைக் கொண்டுபோய்விடும். நீங்கள் பழகியது மூன்று சக்கரத்தில். அதை ஹேண்டிலைப் பிடித்து இழுத்துத்தான் திருப்ப வேண்டும், ஆள் நேராக உட்கார்ந்திருக்கலாம். கோவில் பெஞ்சில் உட்காருவதுபோல் விறைத்துத்தான் எப்போதும் ஓட்டுவீர்கள். இரண்டு சக்கர வண்டி சாய்ந்தால்தான் திரும்பும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, மச்சான்?

பழைய டயர்களையே போட்டு, குமிழை உங்களைப்போல் முடுக்கி, அந்த வளைவுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பிலோமினா பாதையோரம் நின்றாள். காளியம்மாவை மேலே அதே இடத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். நடக்கிற வேகத்தில்தான் போனேன். உடம்பைச் சாய்க்காமல், ஹேண்டிலை மட்டும் வலப்பக்கம் இழுத்தேன். வண்டி கேட்கவில்லை. நான் இழுக்க இழுக்க அது நேரே போனது. இரண்டு காலையும் ஊன்றி, பிரேக்கை அமுக்கி, புல் விளிம்பில் நிறுத்தினேன். எனக்கு அது வரும் என்று தெரியும், மச்சான். நீங்கள் இறக்கத்தில் வேகமாக வந்தீர்கள், ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

மேலேயிருந்து காளியம்மா கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்தாள்.

"இப்புடியேதான் தம்பி போச்சு. இதே மாதிரிதான்," என்றாள். பிறகு கேட்டாள், "அப்ப அவரு திருப்பத்தான் பாத்தாரா?"

"ஆமா. திருப்பத்தான் பாத்திருக்காரு."

"நான் கண்டதத்தானே சொன்னேன்" என்று பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிலோமினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். தொட்டியைக் கழற்றச் சொன்னது அக்காதான். பீலியடியில் பொம்பளைகள் "தொரசாணி தொட்டியில வாராங்க" என்று கேலி செய்ததைத் தாங்காமல், "எல்லாப் பொம்பளையும் மாதிரி நானும் பின்னால ஒக்காந்து வாரேன், அதக் கழட்டிப் போடுங்க" என்று உங்களை நச்சரித்ததை நீங்களே ஒரு நத்தாருக்கு என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் அப்போது கழற்றவில்லை, அவளும் கேட்டதை மறந்துபோனாள் போலும். தொட்டி இருந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? குமிழ், டயர் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று பிலோமினாவிடமும் பேசிவைத்தேன்.

அக்கா அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். நான் குமிழைச் சொன்னேன், டயரைச் சொன்னேன். முடிக்கும் வரை சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தொட்டியக் கழட்டாம இருந்திருந்தா விழுந்திருப்பாரா?"

அவளிடம் நான் பொய் சொல்லி ஜெயித்ததே இல்லை. "விழுந்திருக்க மாட்டாருக்கா" என்றேன்.

அக்கா அடுப்பை அணைத்தாள். எழுந்து, இத்தனை வருஷம் கால் வைக்காத கொட்டிலுக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம். வண்டி இப்போது சுவரில் சாயாமல் நடுவில் நின்றது. அவள் அதைச் சுற்றி வந்து இடப்பக்கத்தில் நின்றாள். நான் உதைத்த அந்தப் பலகையையே பார்த்தாள். குனிந்து முந்தானையால் மண்ணைத் துடைத்தாள்.

பலகைக்கு மேல் ஏதோ ஆணியடித்திருந்தது. நீல ரப்பர்.

"அருளு, இது எஞ் செருப்பு" என்றாள்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வார்களைப் பிய்த்துவிட்டு, செருப்பின் அடியை மட்டும் பலகையில் வைத்து ஓரம் முழுக்க ஒழுங்காக ஆணியடித்திருந்தீர்கள். தொட்டியைப் பூட்டியிருந்த அதே திருகாணியில் பலகையை முடுக்கியிருந்தீர்கள். சேலை கட்டிய பொம்பளை ஒரு பக்கமாகத்தான் உட்கார முடியும். இரண்டு காலும் வைக்க ஒரே பக்கத்தில் இடம் வேண்டும், வழுக்கவும் கூடாது. நான் அதை முட்டுக்கட்டை என்று நினைத்து உதைத்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

அக்கா பின்பக்கத்துக் கேரியரில் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். அவள் கால் எவ்வளவு குட்டை என்று உங்களுக்குத் தெரியும், பஸ்ஸில் உட்கார்ந்தால் தரையில் எட்டாது. இரண்டு காலும் பலகையில் அப்படியே பொருந்தின.

"திருநாளுக்கு என்னய இதுல ஒக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகத்தான்," என்றாள். "மொதல்ல தனியா ஓட்டிப் பாத்திருக்காரு. விட்டுட்டுப் போகல. நான் கேட்டதுக்குத்தான் கழட்டியிருக்காரு, பாவி மனுசன்." பிறகு, "சும்மா அந்த நாயப் போட்டுத் திட்டினேனே" என்றாள்.

அழுதாள், மச்சான். நீங்கள் போன அன்று அழாத அழுகை. தன் வார்த்தையால்தான் தொட்டி கழன்றது என்ற துக்கம் அதில் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை, உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் நீங்கள் வேண்டாம் என்று போகவில்லை என்பதும் அதில் இருந்தது. வேண்டாம் என்று போனார் என்ற பழைய துக்கமா, இந்தப் புதுத் துக்கமா, எதைச் சுமந்துகொண்டு இருப்பாய் என்று கேட்டால் இதைத்தான் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். பிலோமினா அவள் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வண்டிக்கு இரண்டு டயரும் புதிதாகப் போட்டாயிற்று. குமிழைத் தளர்த்தி வைத்திருக்கிறேன், ஹேண்டில் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. தொட்டியைத் திரும்பப் பூட்டட்டுமா என்று அக்காவைக் கேட்டேன். வேண்டாமாம். பலகையையாவது மாற்றட்டுமா என்றேன், அது பாதி உளுத்துவிட்டது. அடியில் ஓர் இரும்புத் தகடு வை, மேலே கை வைக்காதே என்றாள்.

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அக்காவை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்களிடம் வருவேன், இது சத்தியம். அந்த வளைவில் நான் சாய்வேன், அவளையும் என்னோடு சேர்ந்து சாயச் சொல்லியிருக்கிறேன். கொட்டிலுக்குள்ளேயே தினமும் ஏறி உட்கார்ந்து சாய்ந்து பழகுகிறாள். நீங்கள் வைத்த பலகையில் கால் வைத்துத்தான் வருவாள். இறங்கியதும் மெழுகுதிரி கொளுத்துவதற்கு முன்னால் முதலில் செருப்புக்காகத் திட்டுவாள். பதில் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெண்சாதியின் தம்பி,
நீங்கள் "மாப்ள" என்று கூப்பிட இன்னும் காது கொடுத்துக்கொண்டிருக்கும்
அருளப்பன்